மாத்திரை உட்கொள்ளும் முறையும் மருந்தாளுநர் கல்வியும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் மருந்தைப்பற்றிப் பேச முற்பட்டது ஏன் என்று உங்களுட் சிலர் ஐயுறக்கூடும். மாத்திரை என்னும் சொல்லே எம்மை இங்கு அழைத்து வந்தது. இலக்கணத்தில் மாத்திரையாவது கண்ணிமைப் பொழுது. குற்றெழுத்துக்கு 1, நெட்டெழுத்துக்கு 2, மெய்க்கு அரை. மருத்துவத்திலோ அச்சொல் அளவிட்டு உருட்டிய மருந்தைக் குறிக்கும். ஈரிடத்தும் உள்ளீடாய் நிற்கும் கருத்து அளவு என்பதே. அளவு பிறழின் செய்யுள் கெடும். மருந்தின் அளவு பிறழின் உயிர்க்கே இடையூறாம். அதனை யாம் ஏட்டில் அறிந்தோமல்லோம். எம் இல்லத்திலேயே அறிந்தோம்.

2021ஆம் ஆண்டு எம் அன்னையாருக்கு இரத்த அழுத்தம் நாளுக்குநாள் மிகுந்து வந்தது. மருத்துவர் மருந்தின் அளவை ஒருமுறை உயர்த்தினார், பின்னரும் உயர்த்தினார், பயன் காணோம். ஒருநாள் பாக்கு எடுக்க அவர்தம் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தபோது அடியில் 19 மாத்திரைகள் கிடந்தன. யாம் சினந்து, "பிள்ளைகள் படும் பாடு உங்களுக்குத் தெரியவில்லையா, அம்மா?" என்று கடிந்தோம். அவர் மறுமொழி கூறாது தலைகவிழ்ந்திருந்தார். நாற்பது மாணவரைக் கட்டி ஆளும் ஆசிரியர் என்னும் செருக்கு எம்மிடம் இருந்ததேயன்றி, "ஏன் விழுங்கவில்லை?" என்று வினவும் அறிவு அன்று எமக்கு இல்லாது போயிற்று.

அவ்வினாவை வினவியவள் எம் தமக்கையின் மகள். அவள் மருந்தாளுமை பயிலும் மாணவி. பெருந்தொற்றுக் காலமாதலின் கல்லூரி மூடப்பெற்று, வகுப்புகள் இணையவழி நடைபெற்றன. அவள் எம் இல்லத்தில் தங்கிக் கணினித்திரையின்முன் அமர்ந்து பாடங் கேட்பாள். அக்கிழமை அவர்கட்கு வந்த பாடம், நோயாளி மாத்திரையை விழுங்குமாறு உதவுவது எங்ஙனம் என்பதாம்.

அப்பாடம் நடந்த முறையை யாம் அருகிருந்து கண்டோம். ஆசிரியர் முதற்கண் தொண்டையின் அமைப்பை விளக்கினார். மூச்சு செல்லும் வழியும் உணவு செல்லும் வழியும் தொண்டையில் ஒன்றையொன்று அடுத்துள்ளன. விழுங்குங்கால் குரல்வளை மேலெழும். அதன் மூடி மூச்சுவழியை மறைக்கும். உணவு பின்னுள்ள குழாயில் இறங்கும். இவ்வளவும் ஓரிரு நொடியில் முடிவன. பின்னர் மாணவர் ஒவ்வொருவரும் சிறு இனிப்பு மணி ஒன்றைத் தத்தம் வீட்டிலேயே விழுங்கிக் காட்டினர். பிறர்க்கு மருந்து கொடுக்கக் கற்கும் எம் மருமகளே முதன்முறை இருமித் துப்பிவிட்டாள்! அதன்பின் இருவர் இருவராய்ப் பிரிந்து, ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் மருந்தாளுநராகவும் நின்று வினாவும் விடையும் பழகினர். பக்கவாட்டில் வைத்த கைப்பேசி கழுத்தின் அசைவைக் காட்டிற்று. பதிந்த படத்தை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்துத் தம் பிழையைத் தாமே கண்டனர். வகுப்பறையில் நாற்பது பேர் நடுவே காணற்கரிய நுட்பம் இது.

மறுநாட் காலை அவள் எம் அன்னையாரின் பக்கத்தில் அமர்ந்து, "ஆச்சி, மாத்திரை வாயில் ஒட்டிக்கொள்கிறதா? தொண்டையில் நிற்கிறதா?" என்று கேட்டாள். "நாக்கிலே ஒட்டிக்கொள்ளுதம்மா. அண்ணாந்து தண்ணீர் ஊற்றினால் புரையேறுது. மூச்சு நின்றுவிடுமோ என்று பயம்" என்றார் அவர். மூன்று திங்களாய் மகனிடம் சொல்லாததைப் பேர்த்தியிடம் மூன்று நொடியிற் சொன்னார். காரணம், அவள் கேட்டாள்.

அன்பர்களே! எச்சில் படாது செம்பை உயர்த்தி அண்ணாந்து பருகுதல் நம் முன்னோர் வழக்கம், தூய்மை கருதியெழுந்தது. ஆயின் மாத்திரை விழுங்குதற்கு அது ஏற்றதன்று. தலை பின்சாயின் மூச்சுவழி திறந்து நிற்றலின் புரையேறுதல் எளிதாம். முதுமையில் உமிழ்நீர் குன்றுதலின் மாத்திரை நாவில் ஒட்டுவதும் இயல்பே. எம் மருமகள் ஆச்சிக்கென ஒரு தம்ளரைத் தனியே வைத்தாள். முதலில் ஒருவாய் நீர் பருகச் செய்தாள். பின் மாத்திரையை நாவில் வைத்து, நிமிர்ந்திருந்து, உதடு பதித்து நீருடன் விழுங்கச் செய்தாள். இரண்டாம் நாள் மாத்திரை இறங்கிற்று.

இம்முறைகள் ஆராய்ந்து கண்டவை. ஜெர்மனி நாட்டு ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தார் 151 பேரைக்கொண்டு ஆய்ந்து 2014இல் இரண்டு உத்திகளை வெளியிட்டனர். மாத்திரையாயின், நெகிழும் நீர்ப்புட்டியின் வாயை உதட்டால் இறுகப் பற்றி, காற்றுப் புகாது நீரை உறிஞ்சி அதனுடன் விழுங்குதல். இதனால் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர் எளிமை கண்டனர். கூட்டு மருந்தாகிய கேப்ஸ்யூலாயின், அதனை நாவில் இட்டு ஒருவாய் நீரை ஏற்று, மோவாயை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்குதல். இதனால் ஏறத்தாழ 89 பேர் எளிமை கண்டனர். கேப்ஸ்யூல் நீரினும் இலேசானது. குனியுங்கால் அது மிதந்து தொண்டைப்பக்கம் சேர்தலே இதன் நுட்பம். இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்துக் குழந்தை மருத்துவர்கள் 'கிட்ஸ்மெட்' என்னும் திட்டத்தால், சிறியதிலிருந்து பெரியதாக இனிப்பு மணிகளைக் கொடுத்துச் சிறுவர்க்கு விழுங்கக் கற்பிக்கின்றனர். அதனைக் கற்பிப்போர்க்கும் இணையவழிப் பாடம் வகுத்துள்ளனர்.

இனி ஓர் எச்சரிக்கை. விழுங்க இயலவில்லையென்று எம்மாத்திரையையும் உடைத்துப் பொடித்தல் தகாது. நாள்முழுதும் சிறிது சிறிதாய்க் கரையுமாறு செய்த மாத்திரைகள் உள. அவற்றின் உறையில் 'எஸ்.ஆர்.', 'எக்ஸ்.ஆர்.', 'ஈ.ஆர்.' என்னும் எழுத்துக்களைக் காணலாம். பொடித்தால் ஒருநாள் மருந்து ஒருபொழுதில் உடலிற் பாயும். குடலிற் கரைதற்கென மேற்பூச்சிட்டவற்றைப் பொடித்தால் பயன் கெடும். டாக்சிசைக்ளின் போன்றவை குழாயில் தங்கின் அவ்விடத்தைப் புண்ணாக்கும்; ஆகலின் அவற்றைப் போதிய நீருடன் உட்கொண்டு, உடனே படுக்காதிருத்தல் வேண்டும். பக்கவாதம், நடுக்குவாதம் உற்றோரும், வெறும் நீர் பருகினும் இருமுவோரும் இவ்வுத்திகளைத் தாமே முயலாது மருத்துவரை அடைக.

எம் அன்னையார் விழுங்கத் தொடங்கியதும் எம் மருமகள் சும்மா இருந்தாளல்லள். "மாமா, இவ்வளவு நாளும் ஆச்சி மருந்தை உண்ணவில்லை என்பதை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்" என்றாள். உண்ணாத மருந்தை உண்டதாகக் கருதியன்றோ அவர் அளவை உயர்த்தியிருந்தார்! செய்தி கேட்ட மருத்துவர் அளவைப் பாதியாகக் குறைத்தார். வெட்கத்தால் யாம் வாய்மூடியிருப்பின், உயர்த்திய அளவு முழுதும் அம்முதிய உடலிற் சென்று என்ன விளைத்திருக்குமோ!

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து என்ற மூன்றோடு நில்லாது, அருகிருந்து உதவுவானையும் நான்காவதாகக் கூட்டினார். நம் சித்த வைத்தியரும் மருந்தை மட்டும் சொல்லாது, தேனிலா, பாலிலா, வெந்நீரிலா என்று அநுபானமும் சொல்லியே கொடுத்தனர். கொடுத்தலோடு கடமை முடியாது, உட்செல்லுமளவும் உண்டு என்பதே இதன் கருத்து. இந்தியாவில் 2015இல் வந்த மருந்தாளுமைத் தொழில்விதிகளும் நோயாளிக்கு அறிவுரை கூறுதலை மருந்தாளுநர் கடமையாக்கின.

இணையவழிக் கல்வியே போதுமென யாம் கூறவில்லை. திரை கழுத்தைக் காட்டும். உலர்ந்த நாவையும் உள்ளத்து அச்சத்தையும் காட்டாது. அவற்றைக் காணப் பக்கத்தில் அமரவேண்டும். திரையிற் கற்றதைத் தன் ஆச்சியின் பக்கத்தமர்ந்து முடித்தமையாலேயே எம் மருமகளின் கல்வி நிறைவுற்றது.

ஆதலின் யாம் வேண்டுவன இரண்டு. நம் சங்கத்துப் பிள்ளைகளுள் மருந்தாளுமை பயில்வோர், வரும் மாதக் கூட்டத்தில் இம்முறைகளைப் பெரியோர்க்குச் செய்துகாட்டுக. நீங்கள் ஒவ்வொருவரும் இன்றிரவு இல்லம் சென்றதும் முதியோரிடம், "மாத்திரை எளிதாய் இறங்குகிறதா?" என்று மெல்லக் கேளுங்கள். வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து பார்க்குமுன் கேளுங்கள். யாம் கேளாது கடிந்தோம். அந்தப் பிழை உங்களுக்கு வேண்டா.