இலை சொல்லும் பதம்



திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையோரமாக, மூதூரிலிருந்து சேனையூருக்கும் சம்பூருக்கும் போகும் வழியில் கட்டைபறிச்சான் என்றோர் ஊர் இருக்கிறது. வயலும் கழியும் கடலும் அருகருகே அமைந்த ஊர். அந்த ஊரில் ஒரு பின்னேரம் நாங்கள் மூட்டிய நெருப்பைப் பற்றியே இன்று பேச நினைக்கிறேன்.

ரொறன்ரோவிலிருந்து என் தங்கையின் மகன் வந்திருந்தான். சிறு வயதிலேயே போய்விட்டவன். "மாமா, கரையில நெருப்பு மூட்டி மீன் சுட்டுச் சாப்பிடுவம்" என்றான். அங்கே கோடைகாலத்தில் நம்மவர்கள் பூங்காக்களிற் கூடி இறைச்சியும் மீனும் சுட்டு உண்பது வழக்கமாம். தன் பையிலிருந்து ஒரு சுருளை எடுத்தான். அலுமினியத் தாள். மீனை அதற்குள் வைத்து மடித்துத் தணலில் வைத்தால் வேலை முடிந்தது என்றான். நான் வீட்டுக் கோடியில் நின்ற வாழையில் இரண்டு இலைகளை வெட்டிக்கொண்டு அவன் பின்னே போனேன்.

மீன் ஒன்றுதான், ஓரா. கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசி, வயிற்றுக்குள் வெங்காயத்தை வைத்தோம். அவன் தன் பங்குக்குத் தேசிக்காய்ப் புளியும் விட்டுத் தாளில் மடித்தான். நான் இலையை முதலில் அனலில் வாட்டினேன். வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும். வாட்டிய இலை துணிபோல வளையும். இரண்டு மடிப்பாகச் சுற்றி வாழைநாரினாற் கட்டினேன். சிரட்டைகள் எரிந்து, சுவாலை அடங்கி, தணல்மேல் சாம்பல் பூத்த பிறகே இரண்டு பொதிகளையும் வைத்தோம்.

சிறிது நேரத்தில் மருமகனுக்குப் பொறுமை போய்விட்டது. "வெந்திட்டுதோ எண்டு எப்பிடித் தெரியும், மாமா?" என்று கேட்டுத் தாளைப் பிரித்துப் பார்த்தான். ஆவி குபீரென்று போயிற்று. மீன் முள்ளோடு ஒட்டியபடியே இருந்தது. மறுபடி மூடினான், மறுபடி திறந்தான். நான் என் பொதியைத் தொடவில்லை. இலை முதலிற் பழுத்தது; பின் கபில நிறமாயிற்று; ஓரங்கள் கருகின. உள்ளே நீர் கொதிக்கும் இரைச்சல் கேட்டது. அந்த இரைச்சல் மெல்லக் குறைந்து, பச்சை இலை வாசம் மாறி, மீனெண்ணெயின் மணம் எழுந்தபோது பொதியை எடுத்தேன்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. இலையும் தாளும் செய்வது ஒரே வேலைதான். மீனிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறாமல் தடுத்து, அந்த ஆவியிலேயே மீனை வேகவைக்கின்றன. நீர் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும்; பொதிக்குள் ஈரம் இருக்கும்வரை வெப்பம் அதற்குமேல் அதிகம் ஏறாது. ஆகவே வெளியே தணல் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் உள்ளே மீன் கருகுவதில்லை. ஆனால் இலை தன் ஈரத்தைக் கொடுத்து, காய்ந்து, எரிந்து, உள்ளே நடப்பதை நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அலுமினியம் உருகுவதற்கு 660 பாகை வேண்டும். அது நிறம் மாறுவதில்லை, மணப்பதுமில்லை. ஆகவே தாளோடு சமைப்பவனுக்கு மணிக்கூடு வேண்டும். இலையோடு சமைப்பவனுக்குக் காதும் மூக்கும் போதும்.

நாம் 'ஈயத்தாள்' என்று சொல்லிப் பழகிவிட்ட இந்தத் தாளில் ஈயமே இல்லை. முன்பு வெள்ளீயத்தில் தாள் செய்தார்கள். பெயர் மட்டும் மிஞ்சிவிட்டது. அலுமினியத்தைத் தாளாக உருட்டும் தொழில் 1910ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தில் தொடங்கியது. அமெரிக்கச் சமையலறைகளுக்கு அது பெருமளவில் வந்தது 1947இன் பின்னர்தான். புளிப்பும் உப்பும் சேர்ந்த உணவில் அலுமினியம் சிறிது கரையும் என்பதால், அத்தகைய உணவை அதிற் பொதிய வேண்டாம் என்று ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அறிவுறுத்துகிறது. தேசிக்காய் விட்ட என் மருமகனுக்கும் இதைச் சொன்னேன். தாளைப் பழிப்பது என் நோக்கமன்று. மழையிலும் காற்றிலும் அது கிழியாமல் உதவும்.

இலக்கிய நிகழ்ச்சியில் இவர் ஏன் மீன் சுடுகிறார் என்று சிலர் நினைக்கக்கூடும். நம் பழைய புலவர்கள் இதை அற்ப விடயமாகக் கருதவில்லை. கரிகாலனைப் பாடிய முடத்தாமக்கண்ணியார், பொருநராற்றுப்படையிலே, கம்பியிற் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியைப் பொருநன் உண்ணும் விதத்தைச் சொல்கிறார். சூடு தாங்காமல் வாயின் ஒரு புறத்திலிருந்து மறு புறத்துக்கு மாற்றி மாற்றி உண்கிறான். சிறுபாணாற்றுப்படையிலே எயிற்பட்டினத்துப் பரதவர் வீட்டில் பாணர்க்குச் சுட்ட குழல்மீன் கருவாடு கிடைக்கிறது. இரண்டாயிரம் ஆண்டளவு ஆகியும் அந்தச் சூடு நம் நாவில் படுகிறதென்றால், உண்டவனைப் புலவர் கூர்ந்து பார்த்ததே காரணம்.

இதே கொட்டியாரக் குடாவில் 1660இல் சிறைப்பட்டவர் றொபேட் நொக்ஸ். பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் இருந்து தப்பிப் போய், 1681இல் அவர் வெளியிட்ட நூலில், வேடர்கள் மான் இறைச்சியை நெருப்பில் உலர்த்தி விற்பதையும், தேனில் இட்டு மரப்பொந்தில் சேமிப்பதையும் எழுதியிருக்கிறார். பிற நாட்டவர் ஒருவர் கவனித்து எழுதியதால் அந்தச் செய்தி நமக்குக் கிடைத்தது.

இனி, நான் சொல்ல வந்த விடயம். 2006ஆம் ஆண்டு குண்டுவீச்சினாலும் மோதல்களினாலும் சம்பூர் முதலிய மூதூர் கிழக்குக் கிராமங்களின் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் போனார்கள்; பின்பு கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முதலிய இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார்கள். சம்பூரில் மீள்குடியேற்றம் 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் கைகூடியது. அந்த முகாமொன்றில் ஒரு முதிய தாயைக் கண்டேன். குடும்பத்துக்கு இருந்த ஒரே பானையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கறிக்குச் சட்டியில்லை. அடுப்பின் ஓரத் தணலில், இலையில் பொதிந்த சிறு மீன்கள் வெந்துகொண்டிருந்தன. பொதியைத் திறக்காமலே, மணத்தைக் கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான் பார்ப்பதைக் கண்டு, "சட்டி பானையெல்லாம் அங்க கிடக்கு. இலையும் நெருப்பும் எங்கயும் இருக்குந்தானே, தம்பி" என்றார்.

வீட்டை இழந்தவருக்கும் எஞ்சி நின்ற கைப்பழக்கம் அது. ஆயினும் அது எந்த நூலிலும் இல்லை. நெருப்பருகே அவரோடு கூட இருந்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். அவரின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கெங்கே இருக்கிறார்களோ. மூதூர் தந்த எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம் 'தோணி' என்ற கதையால் இக்கரை மக்களின் வாழ்வை ஈழத்து இலக்கியத்தில் நிலைநிறுத்தினார். தோணி வந்துவிட்டது, அதன் கரையில் மூட்டிய அடுப்பு இன்னும் வரவில்லை. இளம் எழுத்தாளர்கள் தத்தம் ஊர் மூத்தோரின் அருகே ஒரு பின்னேரமாவது இருந்து கேட்டு எழுத வேண்டும் என்பது எனது வேண்டுகோள்.

மருமகன் என் பொதியிலிருந்த மீனையும் உண்டு முடித்தான். முள் தனியே கழன்று வந்தது. ரொறன்ரோக் கடைகளில் உறைய வைத்த வாழையிலை கிடைக்கும் என்றான். போகுமுன் ஒரு கடதாசியை நீட்டி, "எத்தினை நிமிசம் எண்டு எழுதித் தாங்கோ, மாமா" என்று கேட்டான். நெடுநேரம் யோசித்தேன். எனக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை. "அடுத்த முறை வா, தம்பி. இன்னொருக்காச் சுடுவம்" என்றேன்.