கிழமைக்கு ஒரு சமையல்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சின்னக் கேள்வியை. “அம்மா, ராத்திரிக்கு என்ன சமையல்?” என்ற கேள்விதான் அது. கேட்கிற பிள்ளைக்கு அது ஒரு விநாடி வேலை. பதில் சொல்ல வேண்டியவரோ விடியற்காலை நான்கரை மணிக்கே எழுந்தவர். பசியாறச் செய்து வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தி, பெரட்டுக்கு ஓடி, பால் எடுத்தோ, உரம் போட்டோ, செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கியோ முதுகு நோக வீடு திரும்பியவர். சமைக்கிற களைப்பு கைகால்களோடு போய்விடும். என்ன சமைப்பது என்று நாள் தவறாமல் முடிவு செய்கிற களைப்பு இருக்கிறதே, அது மனத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் களைப்பை ஆண்கள் பெரும்பாலும் வேலையாகவே எண்ணுவதில்லை.

ஆனால், ஒரு நாளைக் கவனித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை அன்று இந்தக் கேள்வி நம் வீடுகளில் எழுவதில்லை. வெள்ளிக்கிழமை என்றால் சைவம். கணவர் மீன் கேட்பதில்லை. பிள்ளை கோழி கேட்பதில்லை. அம்மாவும் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. கடைக்காரருக்குக்கூட அது தெரியும். வியாழக்கிழமையே பயற்றங்காயும் கத்தரிக்காயும் தவுபூவும் கூடுதலாக இறக்கி வைத்துவிடுவார். கத்தோலிக்கக் குடும்பங்களிலும் வெள்ளியன்று இறைச்சி விலக்கும் வழக்கம் உண்டு. சைவச் சமையல் ஒன்றும் சுலபமான சமையல் அல்ல. சாம்பார், கூட்டு, பொரியல் என்று பார்த்தால் மீன் குழம்பைவிட அதற்குத்தான் வேலை அதிகம். இருந்தும் அன்று மனம் இலேசாக இருப்பதற்குக் காரணம், அந்த நாளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. நம் பாட்டிமார்கள் பக்தியின் பேரால் செய்து வைத்த இந்த ஏற்பாட்டை மற்ற ஆறு நாட்களுக்கும் விரித்தால் என்ன என்பதே இன்றைய பேச்சு.

உடனே ஒரு குரல் எழும். “என்னங்க இது, புதன்கிழமை மீன், வியாழக்கிழமை கிழங்கு என்று, சிறைச்சாலைச் சாப்பாடா?” நியாயமான கேள்விதான். கிழமைக்குப் பெயர் வைக்கும்போது கறிக்குப் பெயர் வைக்கக் கூடாது. வகைக்குத்தான் வைக்க வேண்டும். “மீன் நாள்” என்று வைத்துவிட்டால் ஒரு வாரம் புளிக் குழம்பு, மறுவாரம் மாங்காய் போட்ட கறி, அதற்கடுத்த வாரம் ஆசாம் பெடாஸ், கை ஓய்ந்த வாரம் மஞ்சள் தடவிப் பொரித்த மீனும் ரசமும். வகை மாறாது, சுவை மாறிக்கொண்டே இருக்கும். எந்த மீன் கறி என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும். எல்லாவற்றிலிருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் பிள்ளை “கோழி” என்றுதான் சொல்லும். மீனில் எதை வேண்டுமென்று கேட்டால் சற்று யோசித்துப் பதில் சொல்லும்.

எந்தக் கிழமைக்கு எந்தப் பெயர் என்பதை மாத இதழைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். தோட்டத்து நடப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மீன்காரர் வேன் உங்கள் தோட்டத்துக்கு எந்தெந்த நாளில் வருகிறது? பக்கத்துப் பட்டணத்தில் பாசார் மாலாம் எந்தக் கிழமை? புதனன்று மீன் வருமானால் புதனே மீன் நாள். செவ்வாய் மாலை இரவுச் சந்தை என்றால், அன்று வாங்கும் கீரை வெள்ளி வரை காத்திருக்காது. அன்றோ மறுநாளோ உலை ஏற வேண்டும். சாவியும் கங்கோங்கும் இரண்டு நாளில் வாடிவிடும். கோசும் பூசணியும் வாரம் தாங்கும். இந்த ஒழுங்கைத் தெரிந்துகொண்டால் பாதித் திட்டம் முடிந்தது.

இதில் என்ன அவ்வளவு அவசரம் என்று சிலர் கேட்கலாம். நம் வகுப்பில் அவ்வப்போது “நேற்று இரவு எங்கள் வீட்டுச் சாப்பாடு” என்று பத்து வரி எழுதச் சொல்வதுண்டு. அந்தக் கட்டுரைகளைப் படித்தால் சம்பளத் தேதியை ஆபீசில் போய்க் கேட்க வேண்டியதில்லை. முதல் வாரத்தில் கோழிக் கறி, இறால் சம்பல், சில வீடுகளில் பிரியாணி. இரண்டாம் வாரத்தில் மீன். மூன்றாம் வாரத்தில் முட்டை. கடைசி வாரத்தில் “சோறும் கீச்சாப்பும் சாப்பிட்டோம்” என்று ஒரே வரி. மீதி ஒன்பது வரிக்கு எதை எழுதுவது என்று அந்தப் பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த வாரத்தில்தான் காலை அணிவகுப்பில் தலை சுற்றுகிறது என்று பிள்ளைகள் வந்து சொல்வார்கள். பள்ளியில் கிடைக்கும் துணை உணவு ஒரு வேளைக்குத்தான், இரவுக்கு வீடுதான்.

2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அது போதும் என்று சொல்ல நாம் இங்கே வரவில்லை. கிழமைக்குப் பெயர் வைப்பதால் சம்பளம் கூடிவிடும் என்றும் சொல்லவில்லை. முதல் வாரத்தில் வழிவதையும் கடைசி வாரத்தில் வறள்வதையும் ஓரளவு நிரவலாம் என்கிறோம். திட்டமில்லாமல் மாலை ஐந்து மணிக்குக் கடைக்குள் நுழைகிறவர் கண்ணில் பட்டதைத்தான் எடுப்பார். ஒரு சாடின் டின், இரண்டு பாக்கெட் மேகி, நூறு கிராம் நெத்திலி. சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்குவதில் கிலோவுக்கு நாம் கொடுக்கும் விலை எப்போதும் கூடுதல். அதோடு, ஒவ்வொரு முறையும் கடன் புத்தகம் திறக்கிறது.

நான்காம் ஆண்டு மாணவன் போடக்கூடிய ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். ஐந்து பேர் உள்ள வீடு. வாரத்தில் மூன்று இரவுகள் பருப்பு அல்லது பயறு. ஒரு முறைக்கு 250 கிராம் என்றால் வாரத்துக்கு 750 கிராம். நான்கு வாரத்துக்கு மூன்று கிலோ. மாதத்துக்கு நான்கு வாரத்துக்கு மேலும் இரண்டு மூன்று நாள் இருப்பதால் மூன்றரை கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். சம்பளம் போட்ட அன்றே இந்த மூன்றரை கிலோவை வாங்கி டப்பாவில் போட்டுவிட்டால், மாதக் கடைசியிலும் பருப்பு நாள் பருப்பு நாளாகவே இருக்கும். இது “மீன் நாள்” என்று பெயர் வைத்ததால் வந்த பலன் அல்ல. “பருப்பு நாள்” என்று பெயர் வைத்ததால் வந்தது. பெயர் வைத்த பிறகுதான் கணக்குப் போட முடிகிறது.

பயற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு இவற்றையெல்லாம் நம்மவர்கள் பிரசாதம் என்றும் சுண்டல் என்றும் கோயிலோடு நிறுத்திவிட்டார்கள். சோற்றில் குறைவாக உள்ள புரதச் சத்தின் ஒரு பகுதியைப் பயறு நிறைவு செய்கிறது. பயற்றில் குறைவதைச் சோறு கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வளரும் பிள்ளைக்கு நல்ல உணவு. ஊற வைக்க மறந்துவிடுகிறது என்பதுதான் தாய்மார்கள் சொல்லும் குறை. செவ்வாய் பயறு நாள் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் மறப்பதற்கு இடமில்லை. பெரட்டுக்குப் புறப்படுமுன் கடலையைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனால், மதியம் வேலை முடிந்து வரும்போது எட்டு மணி நேரம் ஊறியிருக்கும். தண்ணீரை வடித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் மாலையில் அடுப்பில் ஏற்றலாம். வெக்கையில் இரவு வரை அப்படியே தண்ணீரில் விட்டால் புளித்துப் போகும்.

அடுத்து, சோறில்லாத ஓர் இரவு. இதைச் சொன்னாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. 1941 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த பெரியவர்கள், கிழங்கை வறுமையின் அடையாளமாகவே பார்த்தார்கள். அந்த வெறுப்பு பேரப் பிள்ளைகள் வரை வந்துவிட்டது. ஆனால் 2023-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது; செப்டம்பர் முதல் தேதி இங்கே இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்ந்தது; உள்நாட்டு அரிசியோ பல கடைகளில் கண்ணுக்கே அகப்படவில்லை. வாரத்தில் ஓர் இரவு தோசை, கேழ்வரகு அடை, கிழங்கு என்று பழகிய வீட்டுக்கு அப்போது அவ்வளவு தவிப்பு இருந்திருக்காது. லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் மண் கிடைத்தால் மரவள்ளி தானாகவே வளரும். ஒன்று மட்டும் கவனம். தோலை முழுவதும் சீவி, துண்டு துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் நன்றாக வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அதில் இயற்கையாகவே நச்சுப் பொருள் உண்டு. அதன் இலையைச் சமைப்பவர்களும் அப்படியே செய்க.

சனிக்கிழமை மீகூனோ முட்டையோ ஏதாவது இருக்கட்டும். அதைப் பெரிய பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். ஞாயிறு கோழி. அதைப் பற்றி நாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கோழி ஞாயிற்றுக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டால், முதல் வாரத்தில் நான்கு கோழி வெட்டுகிற வழக்கம் தானாகக் குறையும். நான்கு ஞாயிற்றுக்கும் கோழி கிடைக்கும்.

சுகாதார அமைச்சு “சுக்கு சுக்கு செபாரோ” என்று சொல்லிவருவதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், பயறு போன்றவை, மீதிப் பாதி காய்கறியும் பழமும். நம் தட்டுகளிலோ சோறு மலைபோல் குவிந்து, கீரை அதன் அடிவாரத்தில் கிடக்கும். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஆறு பேரில் ஒருவர் என்று சொல்லலாம். இந்தியர்களிடையே அது மற்ற இனத்தாரைவிட அதிகம். 2019-இல் நடந்த ஆய்வில், பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களில் பத்துக்கு மூவர் இரத்தச் சோகை உள்ளவர்கள் என்று தெரியவந்தது. ஆகவே எந்தப் பெயருள்ள நாளாயினும் கீரையோ காயோ தட்டில் இருக்க வேண்டும். கீரை உண்ணும் இரவில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொள்ளுங்கள். இரும்புச் சத்து உடம்பில் சேர அது உதவும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது அந்தச் சத்தைச் சேரவிடாமல் தடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் என்ன குறைந்துவிடும்?

இனி, யார் சமைப்பது என்ற விஷயம். அம்மாவின் தலைக்குள் மட்டும் இருக்கும் திட்டத்தை அம்மாதான் நிறைவேற்ற முடியும். பிள்ளையின் கையெழுத்தில் எழுதி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒட்டப்பட்ட திட்டத்தை யாரும் நிறைவேற்றலாம். இன்று பருப்பு நாள் என்று தெரிந்தால், முதலில் வீட்டுக்கு வந்த அப்பா பருப்பைக் கழுவி உலையில் போடலாம், வெங்காயம் உரிக்கலாம். பத்து வயதுப் பையன் கீரை ஆய்ந்து வைக்கலாம். பெண் பிள்ளையை மட்டும் கூப்பிட வேண்டாம் என்று அம்மாமார்களைக் கேட்டுக்கொள்கிறோம். வேலைக்குப் போய் வந்த பெண், “யாராவது ஏதாவது செய்யுங்கள்” என்று சொல்ல வேண்டிய நிலைமையே வரக் கூடாது. என்ன செய்வது என்று சுவர் சொல்லட்டும்.

ஏழு நாளுக்கும் ஒரேயடியாகப் பெயர் வைத்துவிட வேண்டாம். வெள்ளி ஏற்கெனவே இருக்கிறது. மீன்காரர் வரும் நாளையும் பயறு நாளையும் சேர்த்து மூன்றாக்குங்கள். ஒரு சம்பளம் கழியட்டும். பிறகு நான்காவதைச் சேர்க்கலாம். புரட்டாசி மாதத்தில் விரதமிருக்கும் வீடுகளில் மீன் நாளைத் தவுபூ நாளாக்கிக்கொள்ளுங்கள். தெம்பேயும் நன்றாக இருக்கும். விருந்தாளி வந்துவிட்டால் இரண்டு நாட்களை இடம் மாற்றிக்கொண்டால் போதும். தாளைக் கிழிக்க வேண்டியதில்லை. மழைக் காலத்தில் வேலை குறைந்து சம்பளம் சுருங்கும் மாதங்களில் ஞாயிற்றுக் கோழியை முட்டைக் குழம்பாக்குங்கள். பயறு நாள் மூன்றிலும் கை வைக்காதீர்கள்.