ஆலி நாட்டிலிருந்து ஔலி மலைக்கு



சீர்காழிக்கு அருகே, காவிரியின் கடைமடைப் பிரதேசத்தில், திருக்குறையலூர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சம்பாப் பயிர் கதிர் வாங்கி நிற்கும் மார்கழி விடியலில் அங்கே வரப்பின்மேல் நடந்து போகிறவனுக்குப் பனி என்பது புல்நுனியில் நிற்கும் ஒரு துளி. வெயில் ஏறினால் அது இருந்த இடம் தெரியாது. அந்த மண்ணிலே பிறந்து, ஆலி நாட்டுத் தலைவராக விளங்கி, பின்னர் அடியாராகிய திருமங்கையாழ்வார், தம்முடைய பெரிய திருமொழியில் முதல் பதிகத்துக்கு அடுத்தபடியாக ஒரு ஸ்தலத்தைப் பாடத் தொடங்கும்போது, காலடியிலுள்ள திருவாலியையோ அருகிலுள்ள திருவரங்கத்தையோ எடுத்துக்கொள்ளாமல், இமயச் சாரலில் உள்ள திருப்பிரிதியை எடுத்துக்கொண்டார் என்பது எண்ணி வியக்கத்தக்கது. அந்தத் திருப்பிரிதி, இன்று உத்தராகண்டத்தின் சமோலி மாவட்டத்தில் இருக்கும் ஜோஷிமடமே என்று வைணவப் பெரியோர் பலர் கொள்கிறார்கள். அந்த ஊரின் சரித்திரத்தையே இன்று பார்க்கப் போகிறோம்.

ரிஷிகேசத்திலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை. வழியில் தேவப்பிரயாகை, ருத்திரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று ஒன்றன்பின் ஒன்றாக நதிச் சங்கமங்கள் வருகின்றன. ஜோஷிமடத்துக்குக் கீழே, தௌலிகங்கை அலகநந்தாவில் விழும் விஷ்ணுப்பிரயாகை ஐந்தாவது. நம் திருவையாற்றின் பெயரிலும் ஐந்து ஆறுகள் உண்டு. ஆனால் இங்கே காவிரி, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து பிரிந்து, வயல்தோறும் தன்னைப் பகிர்ந்துகொண்டு, மெலிந்து கடல் சேர்கிறது தண்ணீர். அங்கேயோ கூடிக் கூடிப் பெருத்து, பாறையை அரைத்துக்கொண்டு பாய்கிறது. இந்த வித்தியாசத்தைச் சற்றே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில், பள்ளத்தாக்கின் சரிவில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் அமைந்த இவ்வூரில், ஒரு காலத்தில் கத்யூரி அரசர்கள் தலைநகர் வைத்து ஆண்டார்கள். ஆதிசங்கரர் நாட்டின் நான்கு திசைகளிலும் ஸ்தாபித்த மடங்களில் வடக்கு மடமாகிய ஜ்யோதிர்மடம் இங்கேயே அமைந்தது. அந்தப் பெயர்தான் மக்கள் நாவில் திரிந்து ஜோஷிமடம் ஆயிற்று. அதன் முதல் ஆசாரியர் தோடகாசாரியர் என்பது சம்பிரதாயம்.

பனிக்காலத்தில் பத்ரிநாதத்தின் நடை சாத்தப்படும்போது, உத்தவர், குபேரர் திருமேனிகள் பாண்டுகேசுவரத்துக்கு எழுந்தருள, சங்கரரின் பீடம் ஜோஷிமடத்து நரசிங்கர் ஆலயத்துக்கு வந்து சேர்கிறது. சித்திரை, வைகாசி வாக்கில் மீண்டும் மலையேறுகிறது. கோடையில் மலைமேல் ஏறும் மனிதரை வழியனுப்பிவைப்பதும், குளிரில் மலையிறங்கும் பீடத்தை வரவேற்பதுமாக இவ்வூர் பல தலைமுறைகள் வாழ்ந்தது.

யாத்திரை போக வியாபாரமும் இருந்தது. நீத்தி, மாணா கணவாய்களின் வழியாகத் திபெத்திலிருந்து ஆட்டு மந்தைகளின் முதுகில் உப்பும் கம்பளியும் இறங்கின. இங்கிருந்து தானியமும் வெல்லமும் ஏறின. வேதாரணியத்து உப்பளத்தைக் கண்டு வளர்ந்த நமக்கு, வானளாவிய கணவாயைத் தாண்டி உப்பு வந்தது என்பது விந்தையாகவே தோன்றும். 1962-ஆம் ஆண்டுச் சீன யுத்தத்தோடு அந்த வணிகம் நின்றது. யாத்ரிகர்கள் வாரக்கணக்கில் நடந்த ஒற்றையடிப் பாதையின் இடத்தில், சேனைக்கான மோட்டார் சாலை அமைந்தது.

எல்லைக் காவலின் வழியாகத்தான் பனிச்சறுக்கும் இங்கே வேரூன்றியது. ஊருக்கு மேலே, நந்தாதேவிச் சிகரம் எதிரே தெரிய, ஆட்டிடையர்கள் கோடையில் மந்தை மேய்க்கும் ஔலி என்னும் புல்வெளி, பனிக்காலத்தில் வெண்பட்டு விரித்த சரிவாகிவிடும். இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படையினர் அதில் சறுக்கப் பயின்றார்கள். 1990-களின் முற்பகுதியில், ஜோஷிமடத்திலிருந்து ஔலிக்கு நான்கு கிலோமீட்டர் தூரம், பழனியில் நாம் ஏறுகிறோமே அதுபோன்ற ரோப் கார் ஓடத் தொடங்கியது. 2011 ஜனவரியில் முதலாவது தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டி நடந்தபோது, பனிக்கட்டி ஆட்டங்கள் டேராடூனிலும், பனிச்சறுக்கு ஔலியிலுமாக அமைந்தன. சங்கரரின் பீடம் ஒன்றையே குளிர்கால விருந்தாளியாக அறிந்திருந்த ஊர், விளையாட்டு வீரர்களையும் வேடிக்கை பார்ப்போரையும் அதே பருவத்தில் வரவேற்கும் ஊராயிற்று. ஆலி என்ற தமிழ்ச் சொல்லுக்கு மழைத்துளி என்றும் ஆலங்கட்டி என்றும் பொருளுண்டு. ஆலி நாட்டார் பாடிய மலைக்கு மேலே ஔலி என்ற பனிவெளி இருப்பது வெறும் ஒலி ஒற்றுமைதான் என்றாலும், நினைக்க இனிக்கத்தான் செய்கிறது.

விருந்தாளிகள் பெருகினால் விடுதிகள் பெருகும். 2011 கணக்கெடுப்பில் பதினாறாயிரத்துச் சொச்சம் ஜனத்தொகை கொண்ட ஊரில், மாடிமேல் மாடியாகக் கட்டடங்கள் எழுந்தன. ஆனால் அவை எதன்மேல் எழுந்தன? 1976-ஆம் ஆண்டிலேயே, கட்வால் ஆணையர் மிஸ்ராவின் தலைமையிலான குழு விடை சொல்லியிருந்தது: இவ்வூர் நிற்பது தாய்ப்பாறையின்மேல் அன்று, பழங்காலத்தில் சரிந்து குவிந்த மணலும் கல்லுமான மேட்டின்மேல். ஆகவே பாரமான கட்டடங்கள் கூடாது; கற்களைப் பெயர்க்கவும் வெடிவைக்கவும் கூடாது; மரங்களை வெட்டாமல் மேலும் நட வேண்டும்; யாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடாதபடி ஒழுங்கான வடிகால் அமைக்க வேண்டும் என்று அது எச்சரித்தது.

2023-ஆம் ஆண்டு பிறந்தபோது வீடுகளின் சுவர்களில் விரிசல்கள் ஓடின. 2022 டிசம்பர் 27 முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் மண் 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்ததை, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ரோப் கார் நிறுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேறின. இதற்குக் காரணமென்று, அருகே மலையைக் குடைந்த ஒரு நீர்மின் திட்டத்தைக் குறைகூறினோரும் உண்டு, மறுத்தோரும் உண்டு. எனினும் வீடுகளின் கழிவுநீரும் மழைநீரும் போக வழியின்றி அந்தத் தளர்ந்த மண்ணுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தன என்பதை யாரும் மறுக்கவில்லை.

நாமும் ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணின்மேல்தான் வாழ்கிறோம். ஆயினும் நம் மண் சமதளத்தில் படிந்த வண்டல்; அதை ஆள்வதற்கு நம் முன்னோர் கற்ற வித்தை, தண்ணீரைக் கொண்டுவருவது பாதி, போகவிடுவது பாதி என்பது. முக்கொம்பிலே மிகுதி வெள்ளத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்வதால்தான் தஞ்சைத் தரணி பிழைக்கிறது. பாய்ச்சலுக்கு ஒரு வாய்க்கால் இருந்தால் வடிச்சலுக்கு ஒரு வாய்க்கால் வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடம் போகாத விவசாயியும் அறிவான்.

ஜோஷிமடத்து நரசிங்கரின் ஒரு கை நாளுக்கு நாள் மெலிந்து வருகிறதென்றும், அது முறிந்து விழும் நாளில் மலைகள் சரிந்து பத்ரிநாதத்துக்குப் போகும் வழி மூடிவிடுமென்றும் அவ்வூரார் சொல்லிவருகிறார்கள். நம்புவோர் நம்பலாம், நம்பாதோர் கதையென்று கொள்ளலாம். மலை நிலைத்திராது என்பதை அந்த ஊரின் மூதாதையர் அறிந்திருந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை. திருக்குறையலூர் விவசாயி ஒருவன் அந்தக் கோயில் வாசலில் நின்று சரிவைப் பார்ப்பானாகில், சிகரத்தைக் கண்டு கைகூப்பிய மறுகணமே, அண்டை வயலைப் பார்த்ததும் கேட்கிற அந்தக் கேள்வியைத்தான் அங்கும் கேட்பான்: "தண்ணி எப்படிங்க வடியுது?"