துரை வீட்டுக் காகிதமும் நம் வீட்டுத் தகரப் பெட்டியும்

(சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





"சங்கத்துக்கு ஐம்பது வயதாகிறது, பழைய சங்கதி ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டார். நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. தோட்டத்துக் கடையில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய காகிதங்களோடு கொஞ்சம் பழக்கம் உண்டு. அவற்றில் ஒரு பாவமும் செய்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாம் இருக்கும் பண்டார் பாரு ஒரு விசித்திரமான மூலை. இங்கே நாம் கெடா. கிரியான் ஆற்றைத் தாண்டினால் பாரிட் புந்தார், அது பேராக். கொஞ்சம் தள்ளிப் போனால் நிபோங் திபால், அது பினாங்கு. காலையில் மீன் வாங்க ஒரு மாநிலம், மத்தியானம் வங்கிக்கு ஒரு மாநிலம் என்று திரிகிறவர்கள் நாம். அதனால் நிபோங் திபால் கதையைச் சொல்லப்போகிறேன் என்றால் ஊர் விட்டு ஊர் போகிறேன் என்று யாரும் நினைக்கமாட்டீர்கள்.

அங்கே கலிடோனியாத் தோட்டத்தில் பாழடைந்த ஒரு மாளிகை இருக்கிறது. தொண்ணூற்றொன்பது கதவு வீடு என்பார்கள். பிள்ளைகள் இரவில் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு பேய் பார்க்கப் போகிறார்கள். படம் பிடித்துப் போடுகிறார்கள். நூறாவது கதவைப் பற்றியும் கதை சொல்கிறார்கள். "அது யாருடைய வீடு?" என்று என் பேரனிடம் கேட்டேன். "யாரோ வெள்ளைக்காரன் வீடு, தாதா" என்றான். பேய் யாரென்று தெரிகிறது, வீட்டுக்காரன் யாரென்று தெரியவில்லை!

அந்த வீடு ராம்ஸ்டன் குடும்பத்தோடு சேர்ந்தது. இங்கிலாந்தின் யார்க்ஷயர் மாவட்டத்துப் பெரிய நிலக்கிழார்கள் அவர்கள். ஹடர்ஸ்ஃபீல்டு என்ற ஆலை நகரத்தின் நிலத்தில் பெரும்பகுதி அவர்களுக்குச் சொந்தம். ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டடி மண்ணுக்கே அந்தக் குடும்பத்துக்குத் தரைவாடகை கட்டி வந்தார்கள். கடைசியில் 1920-ல் நகராட்சியே ஏறக்குறைய 13 லட்சம் பவுன் கொடுத்து அந்த நிலத்தை வாங்கியது.

அப்படிப்பட்ட குடும்பம் நம் பக்கத்துக்கு எப்படி வந்தது? கல்யாண சம்பந்தம்தான். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்வர்டு ஹார்ஸ்மன் என்பவர் ராம்ஸ்டன் வீட்டு மாப்பிள்ளை. புரோவின்ஸ் வெல்லெஸ்லியில், அதாவது இன்றைய செபராங் பிறையில், கரும்புத் தோட்டங்களில் பணம் போட்டிருந்தார். அவர் 1876-ல் இறந்தார். தோட்டங்கள் மைத்துனர் சர் ஜான் வில்லியம் ராம்ஸ்டனின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. கலிடோனியா, விக்டோரியா, பைராம், டிரான்ஸ்கிரியான் என்று நாம் இன்றும் பெயர்ப்பலகையில் பார்க்கும் பெயர்கள் அந்தக் காலத்தவை. பைராம் என்பது யார்க்ஷயரில் அவர்களுடைய மாளிகையின் பெயர். டிரான்ஸ்கிரியானில் இருப்பது நம் ஆற்றின் பெயர். அவர்கள் வீட்டுப் பெயரும் நம் ஆற்றின் பெயரும் ஒரே கணக்குப் புத்தகத்தில் அடுத்தடுத்த வரியில் உட்கார்ந்தன. பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது. 1948-ல், அவசரகாலம் தொடங்கிய அந்த ஆண்டில், குடும்பத்தைச் சேர்ந்த ஜான் செயிண்ட் மோர் ராம்ஸ்டன் கலிடோனியாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். பேய்க்கதையெல்லாம் அங்கிருந்து புறப்பட்டதுதான்.

இதில் என்னைக் கவர்ந்தது மாளிகை இல்லை. அந்தக் குடும்பம் காகிதத்தை எறியவில்லை. தோட்ட மேலாளர்கள் எழுதிய கடிதம், வரவு செலவு, விளைச்சல் கணக்கு எல்லாம் கப்பல் ஏறி இங்கிலாந்து போய், இன்று மேற்கு யார்க்ஷயர் ஆவணக் காப்பகத்தில் குடும்பத்தின் மற்ற காகிதங்களோடு இருக்கின்றன. லின் ஹாலன் லீஸ் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் அவற்றைப் புரட்டிப் படித்து, மலாயாவைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதிவிட்டார். 2017-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. நம் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகும் தூரத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள யார்க்ஷயருக்குப் போகவேண்டியிருக்கிறது!

ஆனால் அந்தக் காகிதம் யாருக்காக எழுதப்பட்டது? முதலாளிக்காக. இத்தனை ஏக்கர், இத்தனை டன் சர்க்கரை, இத்தனை கூலி. 1910-ல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்படும்வரை நாகப்பட்டினத்திலிருந்து முன்பணக் கடனோடு கப்பலேறி வந்தவர்கள் அந்தக் கணக்கில் பெரும்பாலும் தலை எண்ணிக்கையாக வருவார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன் என்பதெல்லாம் துரைக்கு வேண்டியதில்லை. அது வேண்டியிருந்தது யாருக்குத் தெரியுமா? கடன் கொடுத்த கடைக்காரனுக்கு.

கடைக்காரன் என்றால் நம் ஆட்கள்தான். இராமநாதபுரம், தஞ்சாவூர், கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்து, தோட்டத்து வாசலிலும் சிறுநகரத்து முனையிலும் மளிகைக்கடை, சாப்பாட்டுக்கடை, துணிக்கடை போட்டவர்கள். நாம் நல்லது மட்டும் செய்தோம் என்று மேடையில் பெருமை பேச நான் வரவில்லை. சம்பள நாளில் கடைவாசலில் நின்று கடனைப் பிடித்துக்கொண்டதும் நம் பாட்டன்மார்தான். இருந்தாலும் அந்தக் கடன் கணக்கில் ஆளுக்குப் பெயர் இருந்தது.

நம் சமுதாயத்தில் சொத்துக்காரக் குடும்பங்கள் இருக்கவில்லையா என்றால், இருந்தன. பினாங்கு கப்பித்தான் கெலிங் காதர் மைதீன் மரைக்காயர் பெயரைச் சொன்னாலே போதும். 1801-ல் கம்பெனி கொடுத்த நிலத்தில்தான் அந்தப் பள்ளி எழுந்தது. 1834-ல் மௌத்தானவர், உயிலில் வக்ஃப் எழுதிவைத்துப் போனார். அப்படி எழுதிவைத்ததால் இன்றும் பேசுகிறோம். எழுதிவைத்தாலும் நிர்வாகக் கணக்கு சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பினாங்கே பாடம். அங்கே வக்ஃப் சொத்துகளின் பராமரிப்பில் புகார்கள் முற்றி, 1905-ல் முஸ்லிம், இந்து அறக்கொடைகளுக்கென்று அரசாங்கமே சட்டம் போட்டு வாரியத்தின் கையில் கொடுத்தது.

இன்னொன்று, 1871-ல் பினாங்கு நீதிமன்றத்தில் நடந்த ஃபாத்திமா எதிர் லோகன் வழக்கு. மலேசியாவில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் இதைப் படிக்கிறார்கள். சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத நம் ஷரீஅத்தில் இடமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் 1807 சாசனத்தோடு பினாங்குக்கு வந்தது ஆங்கிலச் சட்டம், முஸ்லிமின் உயிலும் அதன்படிதான் செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. வீட்டுச் சண்டை கோர்ட்டுக்குப் போனதால் அந்த ஃபாத்திமாவின் பெயர் நமக்குத் தெரிகிறது. சண்டை போடாத ஃபாத்திமாக்களின் பெயர் எங்கே இருக்கிறது?

இனி நம் கரைக்கு வருகிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது, கெடாவில் எழுத்து வேறு. 1909 வரை சயாமின் மேலாட்சி, பிறகு பிரிட்டிஷ் ஆலோசகர். அரண்மனைக் காரியங்கள் ஜாவி எழுத்தில் நடந்தன. சுல்தான் அப்துல் ஹமீதின் 1882 முதல் 1943 வரையிலான கடிதப் போக்குவரத்தை யுனெஸ்கோ 2001-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. இது நம் மாநிலத்துச் சொத்து. பழைய கெடா நிலப்பட்டாவான சூராட் புத்துஸும் ஜாவியில்தான் இருக்கும். சில வீடுகளில் அதை அரபு என்று நினைத்து, குர்ஆன் பக்கத்தோடு சேர்த்துத் துணியில் கட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறார்கள். மரியாதைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது டுரியான் தோப்புக்கான பட்டா என்றால் யாராவது படித்துப் பார்க்கவேண்டாமா?

உங்களில் எத்தனை பேர் வீட்டு நிலம் இன்னமும் மௌத்தான பாட்டனார் பெயரிலேயே கிடக்கிறது? கை தூக்கச் சொல்லமாட்டேன். அத்தாவின் தலைமுறையில் ஐந்து வாரிசு. நம் தலைமுறையில் இருபத்தைந்து. இப்போது அறுபதாகியிருக்கும், அதில் நாலு பேர் ஆஸ்திரேலியாவில். சிறு சொத்துகளைப் பகிர்ந்துகொடுக்க 1955-லேயே சட்டம் இருக்கிறது, நில அலுவலகத்திலேயே மனுப் போடலாம். ஃபராயிள் பங்கு யாருக்கு எவ்வளவு என்பதில் நமக்கு ஐயமே இல்லை. மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்: மரணச் சான்றிதழ் எங்கே, நிக்காஹ் பதிவு எங்கே, இந்தியாவிலிருக்கும் முதல் தாரத்துப் பிள்ளைகளின் பெயர் என்ன? இரண்டு கரையிலும் குடும்பம் வைத்திருந்தவர்கள் நம் பெரியவர்கள். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். ராஜுலா கப்பல் டிக்கெட்டு துண்டு ஒன்று, ஊரிலிருந்து வந்த ஒரு நீலநிறக் கடிதம், இவை இல்லாததால் ஒரு சகோதரிக்குப் பங்கு போகாமல் இருந்தால் சுளித்த முகத்தால் என்ன பயன்?

சரி, என் பாவத்துக்கு வருகிறேன்.

செர்டாங் பக்கத்து ஒரு ரப்பர் தோட்டத்தின் வாசலில் எங்கள் கடை. பாட்டனார் வைத்தது, அத்தா நடத்தினார். பேரேடுகள் பதினாறோ பதினேழோ இருந்தன, சிவப்புத் துணி அட்டை. பாட்டனார் சொந்தக் குறிப்பை அரபுத்தமிழில் எழுதுவார், கடைக்கணக்கைத் தமிழில் எழுதுவார். ஒவ்வொரு பற்றுக்கும் மேலே ஆளின் பெயர், தகப்பன் பெயர், ஊர், எத்தனையாம் நம்பர் லயம். ஒரே பெயரில் நாலு முனியாண்டி இருந்தால் யாரிடம் கடனைக் கேட்பது? அதற்காகத்தான் அவ்வளவு விவரம். 1986-ல் கடையை மூடினோம். வீட்டில் இடமில்லை, ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. வசூலாகாத கடன் புத்தகத்தை வைத்து என்ன செய்ய என்று, பின்கட்டில் மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டு நானே எரித்தேன். மத்தியானம் முழுக்க எரிந்தது. ஒரு புத்தகம் மட்டும் தராசுக்கு அடியில் முட்டுக்கொடுக்க வைத்திருந்ததால் தப்பியது.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு அம்மா வீட்டுக்கு வந்தார். பழைய தோட்டத்துக்காரர், அறுபது வயதிருக்கும். கையில் சிவப்பு அடையாள அட்டை. இந்த மண்ணில் பிறந்தவர், ஆனால் குடியுரிமை இல்லை. பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். தோட்டமும் கைமாறி, செக்ரோல் எல்லாம் போய்விட்டது.

"பாய், உங்க அத்தா கடையிலதானே எங்கப்பா பத்து வச்சிருந்தாரு. அந்தப் பொஸ்தகத்துல எங்கப்பா பேரு இருக்குமே. நாங்க இங்கதான் இருந்தோம்னு காட்ட அதாவது ஆவுமான்னு ஒருத்தர் பாக்கச் சொன்னாரு."

தப்பிய புத்தகத்தை எடுத்துவந்து இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தோம். அவர் அப்பாவின் பெயர் அதில் இல்லை. அடுத்த புத்தகத்தில் இருந்திருக்கும். "மத்ததெல்லாம் எங்க பாய்?" என்று கேட்டார். எரித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தொலைந்துவிட்டது என்றேன். காபி குடித்துவிட்டுப் போனார். அவர் பாக்கி வைத்துப் போனதில்லை, நான்தான் அவருக்குப் பாக்கி.

அந்தப் புத்தகத்தை இன்று கொண்டுவந்திருக்கிறேன். மொத்தம் 212 பக்கம். சங்கத்து அலமாரியில் இன்று வைக்கிறேன். தலைவர் அனுமதி கொடுத்திருக்கிறார். அடுத்த ஞாயிறு அஸருக்குப் பிறகு பள்ளி மேல்மாடியில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைக் கொண்டுவாருங்கள். கிரான், சூராட் புத்துஸ், கடைக் கணக்கு, பழைய பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் சரி. படம் பிடித்துக்கொண்டு அசலை அங்கேயே திருப்பித் தந்துவிடுவோம். உங்கள் நிலம் யாருக்கும் தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். ஜாவி வாசிக்க நம் உஸ்தாத் வருகிறேன் என்றிருக்கிறார். அரபுத்தமிழ் வாசிக்க ஊரில் மூன்று பாட்டிமார்தான் மிச்சம், அவர்களை அழைத்துவர கார் வைத்திருக்கும் பிள்ளைகள் இப்போதே செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.

அந்த அம்மாவின் குடும்பம் பாரிட் புந்தார் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. யாருக்காவது தெரிந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.