ஏட்டில் செலவு, கையில் என்ன?



அரசு கல்விக்குச் செலவழிச்சா சமூகம் மாறுமான்னு கேட்கிறார்கள். மாறும். ஆனால் எவ்வளவு என்பதோடு, எப்போது, யார் கைக்கு என்றும் கேட்க வேண்டும்.

வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் இருந்த 1944இல் தொடங்கியது தலித் மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகை. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரை உருவாக்கிய பணம் அது. திட்டக்காலம் முடிந்தால் அதன் கடைசி ஆண்டுச் செலவு மாநிலத்தின் தலையில். அதற்கு மேலானதை மட்டுமே மத்திய அரசு தரும். இதுதான் பழைய விதி. 2017-18 முதல் 2019-20 வரை நாடு முழுமைக்கும் மத்திய அரசு தந்தது ஆண்டுக்குச் சுமார் 1100 கோடி. 2020 டிசம்பரில்தான் 60:40 பங்கீடும், ஐந்தாண்டுக்கு 59,000 கோடியும் அறிவித்தார்கள்.

நான் வங்கிக் குமாஸ்தா. "சார், காசு ஏறிடுச்சா?"ன்னு பாஸ்புக்கை நீட்டுற பையனுக்குக் கோடிக்கணக்கு எதுக்கு? ஃபீஸ் கட்டுற தேதிக்கு முன்னாடி வரணும். பிந்தி வந்தால் அது வட்டிக்காரனுக்குப் போகும். அல்லது படிப்பை நிறுத்தியவன் கணக்கில் கிடக்கும். அரசு ஏட்டில் இரண்டுமே கல்விச் செலவுதான்.

ஆகவே ஒவ்வொரு கல்லூரியிலும் கேளுங்கள்: ஒதுக்கியது எவ்வளவு? விடுவித்தது எவ்வளவு? மாணவனிடம் சேர்ந்த தேதி எது? சலுகை கேட்பதாக நினைத்துக் கூச வேண்டாம். வரவேண்டிய பாக்கியைத்தான் கேட்கிறோம்.