பழி ஓட்டுநருக்கு மட்டுமா?

டேங்கர் லாரி ஓட்டுநர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்:



2025 ஜனவரி 3, விடியற்காலை. கொச்சியிலிருந்து கோவைக்கு வந்த சமையல் எரிவாயு டேங்கர் அவிநாசி சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்தது. உள்ளே சுமார் 18 டன் கேஸ். கசிய ஆரம்பிச்சிடுச்சு. தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

ஆனா 2012 ஆகஸ்ட் 27 இரவு, கேரளத்தில் கண்ணூர் பக்கம் சாலா என்ற ஊரில் அப்படி நடக்கவில்லை. டேங்கர் கவிழ்ந்து தீப்பிடித்தது. 20 பேர் மாண்டார்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவும், சாக்கடையில் இறங்கும். எங்கேயோ ஒரு பொறி கிடைச்சா போதும்.

விபத்து நடந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி என்ன? "டிரைவர் தூங்கிட்டானா, குடிச்சிருந்தானா?" சரி, கேட்கட்டும். ஆனா சட்டம் என்ன சொல்லுது?

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளை எடுத்துப் பாருங்க. 131ஆவது விதி, சரக்கை அனுப்புகிறவரின் பொறுப்பு. 132, வண்டி உரிமையாளரின் பொறுப்பு. 133தான் ஓட்டுநரின் பொறுப்பு. வரிசையில் மூணாவது ஆளு நாம. பழியில மட்டும் முதல் ஆளா?

என்ன சரக்கு, என்ன ஆபத்து, கசிந்தால் என்ன செய்யணும் என்பதை உரிமையாளர் எழுத்தில் தரவேண்டும். அதுதான் டிரெம் கார்டு. அது கேபினில் இல்லாம வண்டியை எடுக்காதீங்க. தமிழ்ல வேணும்னு கேளுங்க. படிச்சுப் புரியாத அட்டை ஆபத்து நேரத்தில் வெறும் காகிதம்தான்.

ஆபத்தான சரக்கு ஓட்ட 3 நாள் பயிற்சி கட்டாயம். அது சான்றிதழ் வாங்குற சடங்கா முடிஞ்சிடக் கூடாது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது. ராத்திரி முழுக்க ஓட்டிட்டு, விடிஞ்சதும் அடுத்த லோடுன்னு கிளம்பச் சொன்னா, அந்தத் தூக்கக் கலக்கத்துக்கு யார் பொறுப்பு?

பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. டேங்கரின் பக்கவாட்டிலும் பின்னாலும் ஒரு பலகை இருக்கும். அதில் 1075 என்றால் சமையல் எரிவாயு, 1203 என்றால் பெட்ரோல். வண்டி கவிழ்ந்தால் கிட்டே போகாதீங்க, வீடியோ எடுக்காதீங்க, பீடி பற்ற வைக்காதீங்க. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுதோ அந்தப் பக்கமாக விலகிப் போங்க. தூரத்திலிருந்தே அந்த எண் தெரிந்தால் 112க்கு அழைத்துச் சொல்லுங்க. வருகிற தீயணைப்பு வீரருக்கு அதுதான் முதல் தகவல்.

நம்ம கோரிக்கை மூணுதான்: தமிழில் டிரெம் கார்டு, நெடுந்தூர வண்டிக்கு இரண்டாவது ஓட்டுநர், நெடுஞ்சாலையில் டேங்கர்களுக்குத் தனி நிறுத்துமிடமும் ஓய்வறையும். இது சலுகை இல்லை, தோழர்களே. சாலையோரம் குடியிருக்கிற ஒவ்வொரு குடும்பத்தின் உயிர்க்காப்பு.



#சாலைப்பாதுகாப்பு #ஓட்டுநர்உரிமை