சுலபம் என்று யார் சொல்வது?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் அடிச்சுச் சொன்னாரு: "1995-லயே விண்டோஸ் 95 வந்தாச்சு, 'ஸ்டார்ட்'னு பொத்தான் வெச்சாச்சு, கம்ப்யூட்டர் எல்லாருக்கும் சுலபம்!" ஐயா, அதுல கம்ப்யூட்டரை நிறுத்தணும்னா எதை அமுக்கணும்? அதே ஸ்டார்ட்டைத்தான்! (சிரிப்பு) கடையை மூட வந்தவனை, "முதல்ல திற"ன்னு சொன்னா எப்படி?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வாங்க. தறிக்கு மேல ஜக்கார்டு பெட்டி, அதுல அட்டை. ஓட்டை இருந்தா இழை தூக்கும், இல்லேன்னா தூக்காது. இதே மாதிரி ஓட்டை அட்டையை வெச்சுத்தான் 1890-ல அமெரிக்காவுல மக்கள்தொகைக் கணக்கே போட்டாங்க. கம்ப்யூட்டருக்குப் பாட்டன் நம்ம தறி மேல உட்கார்ந்திருக்கான்! (கைதட்டல்)

அந்தப் பாட்டனோட குடித்தனம் நடத்துற நெசவாளிக்கா அறிவு குறைவு? புட்டாவுல பிசகு வந்தா, எந்த அட்டைன்னு கண்டுபிடிச்சிடுவார். கம்ப்யூட்டர்ல பிசகு வந்தா? இங்கிலீஷ்ல ஏதோ நம்பர், கீழே 'ஓகே'. எதுங்க ஓகே?

தமிழ்லயும் மெனு வந்தாச்சு, சரி. அதைத் தமிழுக்கு மாத்துற இடம் இங்கிலீஷ்லல்ல இருக்கு! மகன் வெளியூர் போனா, பெட்டி ஊமை. "எனக்குத்தான் மூளை இல்லை"ன்னு அப்பா ஒதுங்கிடறார். அதுதான் கொடுமை.

சேலை நல்லாயிருக்குன்னு நெய்தவர் சொன்னாப் போதாது, கட்டுறவங்க சொல்லணும். கம்ப்யூட்டருக்கும் அதுதான் நியாயம். தீர்ப்பு உங்க கையில.